டிஸ்கஸ் தொட்டிக்கு 28-ஆ, 30-ஆ, 32-ஆ?

கேள்வி இதுதான்: 250 லிட்டர் தொட்டி, மூன்று அங்குல அளவில் ஆறு டிஸ்கஸ் மீன்கள். விற்றவர் 30 டிகிரி வைக்கச் சொன்னார். மீன் வளர்க்கும் நண்பர் 28 போதும் என்கிறார். இன்னொருவர் 32-இல் வைத்தால் நோயே அண்டாது என்று அடித்துச் சொல்கிறார். இதற்கு நடுவே ஒரு மீன் மட்டும் இரண்டு நாளாகக் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. ஹீட்டரை ஏற்றிவிடட்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்: இப்போதைக்கு ஏற்றாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

எண்களைப் பொறுத்தவரை, நன்றாக வளர்ந்த டிஸ்கஸுக்கு 28 முதல் 29 டிகிரி செல்சியஸ். உங்களுடையதைப் போல இன்னும் வளர வேண்டிய மீனுக்கு 29 முதல் 30. முட்டையிடும் ஜோடிக்கு 28, 29 தாராளம். 32 என்பது சிகிச்சைக்கான எண். காரணம் தெரிந்து, நாள் குறித்து ஏற்றி, பிறகு இறக்கிவிட வேண்டியது. கீழே 26-க்குள் இறங்கி நாள்கணக்கில் நிற்கவிடக் கூடாது. ஆக, உங்களுக்குச் சொன்ன மூவரில் இருவர் சொன்னது சரிதான். அவரவர் மீனின் வயதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே.

ஆனால் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் பாதிதான் பயன். ஒவ்வொரு டிகிரியும் ஏறும்போது உங்கள் வேலையும் கூடவே ஏறுகிறது. அந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஸ்கஸ் அமேசான் படுகை மீன். 1840-இல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டி விவரித்த வகை ரியோ நீக்ரோ ஆற்றைச் சேர்ந்தது. இன்றைக்கும் அதை ஹெக்கல் டிஸ்கஸ் என்றே சொல்கிறோம். வெள்ளம் ஏறி இறங்கும் ஏரிகள், நீரில் மூழ்கிய மரங்கள், கிளைகளின் நிழல், மெல்ல நகரும் தண்ணீர் இவைதான் அதன் வீடு. அங்கே தண்ணீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். ஏறக்குறைய 26-இலிருந்து 31 வரை. மீனுக்கென்று தனி உடல் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. செரிமானம், வளர்ச்சி, நோய் எதிர்ப்பு எல்லாம் அந்தச் சூட்டுக்குப் பழகி அமைந்தவை. 25 டிகிரியில் டிஸ்கஸ் உடனே செத்துவிடாது. சாப்பாட்டைப் பார்க்கும், வாயில் எடுக்கும், துப்பிவிடும். நிறம் மங்கும், துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒரு நோய் வந்து நிற்கும்போது நாம் நோயைக் குற்றம் சொல்வோம். குளிர் என்பது பெரும்பாலும் இப்படிப் பின்வாசல் வழியாகத்தான் கொல்லும்.

அப்படியானால் சூடாகவே வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையக்கூடிய ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில், நன்னீரில், 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் வரை கரையும். 28-இல் 7.8. 30-இல் 7.6. 32-இல் 7.3. இறக்கம் சிறியதாகத் தெரிகிறதா? அதே நேரத்தில் மீனின் உடல் வேகம் கூடுகிறது, அதற்கு ஆக்சிஜன் முன்பைவிட அதிகம் வேண்டும். ஃபில்டரில் இருந்து கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனைத்தான் மூச்சாக எடுக்கிறது. வரவு குறையும்போது செலவு கூடுகிறது. உச்ச அளவு வரை ஆக்சிஜன் நிறைந்திருக்கும் தொட்டிகளும் அரிது. இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கிவிட்டால், விடியற்காலையில் மீன்கள் ஃபில்டர் வாய்க்கு அடியில் கூட்டமாக நின்று வேகவேகமாக மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். 30-க்கு மேல் வைப்பவர் கட்டாயம் ஓர் ஏர் ஸ்டோன் (காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) போட வேண்டும், அல்லது ஃபில்டர் வெளியேற்றும் நீர் மேல்மட்டத்தை நன்றாகக் கலக்கும்படி திருப்பி வைக்க வேண்டும்.

அடுத்தது மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா. தண்ணீரில் உள்ள மொத்த அமோனியாவில் ஒரு சிறு பங்குதான் கொடிய நச்சு வடிவில் இருக்கும், மீதி அவ்வளவு ஆபத்தில்லாத அயனி வடிவம். அந்தப் பங்கு பிஹெச்சை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) பொறுத்தும் சூட்டைப் பொறுத்தும் மாறும். பிஹெச் 7-இல் 25 டிகிரியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நச்சு என்றால், 30 டிகிரியில் எட்டுப் பங்கு. பிஹெச் 8-இல் கதையே வேறு: 25-இல் நூற்றுக்கு ஐந்து, 30-இல் நூற்றுக்கு ஏழுக்கும் மேல். உங்கள் தண்ணீர் கடினமாக, பிஹெச் உயர்வாக இருந்தால் சூட்டை ஏற்றும்போது இதை மறக்க முடியாது. சோதனைக் குப்பியில் அதே நிறம்தான் காட்டும், மீனுக்கு மட்டும் விஷம் கூடியிருக்கும்.

மூன்றாவது, பசி. 30-இல் குட்டி டிஸ்கஸ் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை சாப்பிடும், சாப்பிடவும் வேண்டும். சூட்டை ஏற்றிவிட்டுச் சாப்பாட்டை இரண்டு வேளையாக வைத்தால் மீன் தன் உடம்பையே தின்னும். நெற்றி ஒட்டி, கண் பெரிதாகத் தெரியத் தொடங்கும். சாப்பாட்டைக் கூட்டினால் கழிவு கூடும், கழிவு கூடினால் தண்ணீர் மாற்ற வேண்டும். மீன் பண்ணைக்காரர்கள் 30, 31-இல் குஞ்சுகளை வளர்ப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் மணல் இல்லாத வெறும் தொட்டியில், தினமும் பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றி வளர்க்கிறார்கள். விற்றவர் சொன்ன 30-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தினசரி வாளிகளை விட்டுவிட்டால் பலன் தலைகீழாகும்.

என் கருத்து இது: தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற முடியும், நான்கு வேளை தீனி போட வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் 30 வையுங்கள், மீன் ஐந்து அங்குலம் தாண்டட்டும், பிறகு மெல்ல 28.5-க்கு இறக்குங்கள். வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் தொட்டியைப் பார்க்க முடியும், வாரம் இரண்டு முறைதான் தண்ணீர் மாற்ற முடியும் என்றால் குட்டி மீனாக இருந்தாலும் 29-க்கு மேல் போகாதீர்கள். கொஞ்சம் மெதுவாக வளரும். வளரட்டுமே, என்ன அவசரம்?

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. உங்கள் தொட்டி இப்போது எத்தனை டிகிரி? ஹீட்டரின் குமிழில் உள்ள எண்ணைச் சொல்லாதீர்கள்.

நான் இதில் நன்றாக அடிபட்டிருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் 29 என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. மீன்கள் ஒரு மாதமாகக் கறுத்துக் கிடந்தன. வயிற்றுப் புழு என்று நினைத்து மருந்து போட்டேன், தீனியை மாற்றினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன். ஒருநாள் சமையலறையில் இருந்த கம்பி முனை டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் சும்மா தண்ணீரில் விட்டுப் பார்த்தால் 26.4. நம்பாமல் வேறொன்றை வாங்கி வந்து விட்டேன், அதுவும் 26.5. பட்டை காட்டியது கண்ணாடிக்கும் அறைக்கும் தொட்டி விளக்குக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு சூட்டை. ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 29-க்குக் கொண்டுவந்தேன். ஐந்தாம் நாள் காலையில் மீன்கள் கண்ணாடியோரம் வந்து தீனி கேட்டன. மருந்துக்குச் செலவழித்த பணத்தில் பத்து தெர்மாமீட்டர் வாங்கியிருக்கலாம்.

ஆகவே தொட்டிக்குள் மூழ்கும் தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும், ஒன்றை ஒன்று சரிபார்க்க. அவற்றில் ஒன்றை ஹீட்டருக்கு எதிர்மூலையில், அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூலைகளுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று பொருள். ஹீட்டரை ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டம் படும் இடத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஹீட்டர் எத்தனை வாட் என்பதையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற, 300 வாட் ஹீட்டர் விடாமல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் பல விஷயங்கள் விளங்கும். அறை 27-இல் இருந்தால் 300 வாட்டுக்கு வேலையே இல்லை. அறை 18-க்கு இறங்கும் இடமானால் அதுவே திணறலாம். இன்னொன்று, ஹீட்டர் கெட்டுப்போகும்போது பல நேரம் அணையாமல் எரிந்தபடியே நின்றுவிடும். இழப்பைக் கழித்தாலும் ஓர் இரவில் பல டிகிரி ஏறிவிடும். காலையில் வெந்த மீனைப் பார்க்க வேண்டியிருக்கும். 300-க்குப் பதில் 150 வாட்டில் இரண்டு ஹீட்டர் போடுங்கள். ஒன்று சிக்கிக்கொண்டால் சூடு பாதி வேகத்தில்தான் ஏறும், ஒன்று அணைந்துபோனால் மற்றொன்று தாங்கும். கையில் காசிருந்தால் தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கி, ஹீட்டர்களை அதன் வழியாக இணைத்து, ஹீட்டர் குமிழை ஒரு டிகிரி மேலே வைத்துவிடுங்கள். டிஸ்கஸ் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பம். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் பிளக்கைப் பிடுங்க மறக்கவே கூடாது; தண்ணீருக்கு வெளியே எரிந்த கண்ணாடிக் குழாயில் திரும்பத் தண்ணீர் பட்டால் விரிசல்தான்.

தண்ணீர் மாற்றும்போது வரும் குளிர் அதிர்ச்சியைப் பலர் கவனிப்பதே இல்லை. 29 டிகிரித் தொட்டியில் 100 லிட்டரை எடுத்துவிட்டு, 24 டிகிரியில் உள்ள புதுத் தண்ணீர் 100 லிட்டர் ஊற்றினால் தொட்டி 27-க்கு வந்துவிடும். பத்து நிமிடத்தில் இரண்டு டிகிரி இறக்கம், திரும்ப ஏற ஹீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அதுவே புதுத் தண்ணீர் 28-இல் இருந்தால் தொட்டி 28.6-இல் நிற்கும், மீனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பெரிய பீப்பாயில் தண்ணீர் பிடித்து, ஹீட்டரும் ஏர் ஸ்டோனும் போட்டு ஒருநாள் வைத்திருந்து ஊற்றுவதுதான் நல்ல வழி. அதில் இன்னொரு லாபமும் உண்டு. குளிர்ந்த குழாய் நீரில் காற்று அதிகமாகக் கரைந்திருக்கும்; தொட்டியின் சூட்டில் அது நுண்குமிழிகளாக வெளியேறி, கண்ணாடியிலும் மீன் உடம்பிலும் துடுப்பிலும் ஒட்டும். மோசமானால் செவுளையே பாதிக்கும். பீப்பாயில் ஒருநாள் காற்று ஓடினால் அந்தத் தொல்லை இல்லை. குழாய் நீரில் உள்ள குளோரின் இப்படியே போய்விடும், சில ஊர்களில் அதற்குப் பதில் கலக்கும் குளோரமின் போகாது. அதற்கு மருந்து போட்டே ஆக வேண்டும்.

பகலுக்கும் இரவுக்கும் ஒரு டிகிரி ஏறி இறங்கினால் கவலைப்படாதீர்கள். ஆற்றிலும் அப்படித்தான். அரை டிகிரி மாறியதற்கெல்லாம் பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நம் கவலையே தவிர மீனின் கவலை இல்லை. திடீர் இறக்கம்தான் கெடுதல்.

சரி, கறுத்துப்போன அந்த மீன். 'உடம்பு சரியில்லையா, சூட்டை ஏற்று' என்பது டிஸ்கஸ் வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கமாகவே ஊறிவிட்டது. அது எங்கே வேலை செய்யும், எங்கே கழுத்தை அறுக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வெப்பம் உண்மையிலேயே உதவும். அந்த ஒட்டுண்ணி 30-க்கு மேல் பெருகத் திணறும். நல்ல காற்றோட்டத்தோடு 31, 32-இல் பத்து முதல் பதினான்கு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். சூட்டைத் தாங்கும் ரகங்களும் அதில் உண்டு என்பதால், நாலைந்து நாளில் புள்ளி குறையவில்லை என்றால் மருந்துக்குப் போக வேண்டும். எப்போதும் 29, 30-இல் இருக்கும் டிஸ்கஸ் தொட்டியில் இந்த நோய் அபூர்வமாகவே வருவதற்கும் இதுதான் காரணம். நூல்போல வெள்ளை மலம், தீனியைத் துப்புதல் என்றால் குடல் ஒட்டுண்ணி சந்தேகம். அதற்கான மெட்ரோனிடசோல் மருந்தைக் கொடுக்கும்போது பலர் 31, 32-க்கு ஏற்றுவார்கள், மீன் தீனி எடுக்கவும் அது கைகொடுக்கும்.

ஆனால் வாயோரத்திலும் முதுகிலும் பஞ்சு ஒட்டியதுபோல, சாம்பல் நிறத் திட்டாக இருந்தால் அது காலம்நாரிஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். பூஞ்சை என்று தப்பாக நினைப்பார்கள். அது சூட்டை விரும்பும் கிருமி. 32-க்கு ஏற்றினால் ஒரே நாளில்கூடத் தொட்டியைக் காலி செய்துவிடலாம். அதற்கு மருந்தோடு சூட்டைக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டும். செவுள் புழுவும் அப்படித்தான் ஏமாற்றும்: வெப்பத்தில் அதன் முட்டைகள் வேகமாகப் பொரியும். மருந்து போடுபவருக்கு அது வசதி, அடுத்த தவணை மருந்தை முன்னதாகவே போடலாம். மருந்தே போடாமல் சூட்டை மட்டும் ஏற்றினால் புழுவுக்கு நாம் அடைகாத்த மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனுக்கு ஆக்சிஜன் வேறு குறையும்.

இதையெல்லாம் விட எளிய காரணம் ஒன்றும் உண்டு. ஆறு மீனில் ஒன்று மட்டும் கறுத்து ஒதுங்கினால், பாதிக்குப் பாதி அது மற்றவை விரட்டும் மீன். டிஸ்கஸ் பார்க்கத்தான் சாது. தீனி போடும்போது கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், யார் யாரை விரட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அதற்கு எந்த வெப்பநிலையிலும் மருந்து இல்லை, பிரித்து வைப்பதைத் தவிர.

எதிர்ப்பக்கத்துக் கவலையும் இருக்கிறது: கோடையில் அறையே 34-ஐத் தொட்டால்? டிஸ்கஸ் 32, 33-ஐச் சில நாள் தாங்கும், ஆக்சிஜன் இருக்கும்வரை. மூடியைத் திறந்து, சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்று ஈரமாக இருந்தால் அவ்வளவு இறங்காது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்புகள் தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். தீனியைக் குறையுங்கள், விளக்கை இரவுக்கு மாற்றுங்கள். ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் போடுவது வேண்டாம். மின்வெட்டிலும் முதல் பிரச்சினை ஆக்சிஜன்தான், சூடு இல்லை. 250 லிட்டர் தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும், ஒரு போர்வையைச் சுற்றினால் இன்னும் மெதுவாக. பேட்டரி ஏர் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள்.

கூட விட நினைக்கும் மீன்களும் இந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். கார்டினல் டெட்ரா, ரம்மி நோஸ் டெட்ரா, ஸ்டெர்பாய் கோரிடோரஸ், ராம் ஆகியவை 28, 29-இல் சுகமாக இருக்கும். நியான் டெட்ரா கார்டினல் போலவே தெரியும், ஆனால் குளிர்ந்த தண்ணீர் மீன். இந்தச் சூட்டில் அதன் ஆயுள் குறையும். செடி வேண்டுமென்றால் அமேசான் சுவார்ட், அனுபியாஸ்.

இன்றிரவு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேறொரு தெர்மாமீட்டரை விட்டு உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள். அமோனியா, அது சிதையும்போது உருவாகும் நைட்ரைட், பிஹெச் மூன்றையும் சோதியுங்கள். தொட்டியின் சூட்டுக்குச் சமமான தண்ணீரால் 100 லிட்டர் மாற்றுங்கள், ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். 29-க்குக் கீழே இருந்தால் நாளைக்கு ஒரு டிகிரி, மறுநாள் ஒரு டிகிரி என்று 29 வரை வாருங்கள், அதோடு நில்லுங்கள். விடிந்ததும் விளக்கைப் போடாமல், கறுத்த மீனின் செவுள் அரை நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணுங்கள். மற்ற ஐந்தில் ஒன்றுக்கும் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கச் செவுளை மட்டும் மூடி வைத்துக்கொண்டு மூச்சு விட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்களையும் மலத்தின் நிறத்தையும் சொன்னால், அடுத்தது மருந்தா, பிரித்து வைப்பதா என்று பேசலாம்.